முட்டை போட்டதா என்று கேட்டால்

என் பேக்கரிக்கு வந்து, "கேக்குல முட்டை போட்டிருக்கா?" என்று யாராவது கேட்டால், நான் முதலில் அவர்கள் நெற்றியைப் பார்ப்பேன். திருநீறு பட்டையாக இருந்தால், "முட்டைன்ற பேச்சுக்கே எடமில்லைங்க" என்பேன். நெற்றி வெறுமையாக இருந்து, பக்கத்தில் பிள்ளையும் நின்றால், "முட்டை போடாம கேக்காங்க? நல்லா சத்து, வாங்கிக்கினு போங்க" என்பேன். இரண்டு பேருக்கும் ஒரே தட்டிலிருந்துதான் வெட்டிக் கொடுப்பேன். அந்தத் தட்டில் முட்டை இருக்கிறதா இல்லையா என்பது எனக்கே தெரியாது. முட்டை கையில் இருந்த நாளில் மாஸ்டர் உடைத்துப் போடுவார். இல்லாத நாளில் பொங்க வைக்கிற ஜெல்லும் மஞ்சள் கலரும் எசென்ஸும் அந்த வேலையைப் பார்த்துவிடும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பல வருடமாக இப்படித்தான் நல்ல பெயரோடு கடை நடத்திக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவன் வீட்டில் போய் முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளை பிறந்தது. கடவுளுக்குக் கிண்டல் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

மகளுக்கு மூன்று மாதத்திலிருந்தே கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் வறண்டு சிவந்து சொரசொரவென்று இருக்கும். கரப்பான் என்றார்கள். எண்ணெய் தடவினோம், களிம்பு தடவினோம், போவதும் வருவதுமாக இருந்தது. பத்து மாதம் ஆனபோது என் மனைவி ஒரு முட்டையை வேகவைத்து, மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவுமாகச் சோற்றோடு பிசைந்து இரண்டு வாய் ஊட்டினாள். மூன்றாவது வாய் ஊட்டுவதற்குள் பிள்ளை முகத்தைத் தேய்க்க ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் உடம்பு முழுக்கத் தடிப்புத் தடிப்பாக எழும்பிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்: "காணாக்கடி." எங்கள் பக்கம் இப்படித் தடித்தால் அதுதான் பெயர். கண்ணுக்குத் தெரியாத பூச்சி எதோ கடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே கம்பளி எடுத்து வந்து தேய்த்தார்கள். வேப்பிலை அடித்தார்கள். சாயங்காலம் தடிப்பு தானாக அடங்கிவிட்டது. கம்பளிக்கு நல்ல பெயர்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. என் வீட்டுக்குள் வந்து என் பிள்ளையைக் கடித்த பூச்சி எது என்று தெரிந்தாக வேண்டும். மெத்தையை மொட்டை மாடியில் போட்டேன். பீரோவை நகர்த்தினேன். மூலை மூலையாகப் புகை போட்டதில் எதிர் வீட்டில் மூன்று பேர் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். கடைசியில் குளியலறைப் பக்கம் ஒரு பூரான் சிக்கியது. நானே விசாரித்து, நானே தீர்ப்புச் சொல்லி, நானே செருப்பால் அடித்தேன். பாவம், அந்தப் பூரானுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து, மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆம்லெட்டில் ஒரு துண்டை மகள் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். இந்த முறை உதடு வீங்கியது. வாந்தி எடுத்தாள். அழுகிற குரல் கம்மி, நெஞ்சில் கீச்கீச்சென்று சத்தம் கேட்டது. பைக்கில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, அன்னைக்கும் முட்டை. இன்னைக்கும் முட்டை."

"பூரான் கடிதான் அன்னைக்கு. அதான் அடிச்சிட்டனே."

"அது செத்து ஒன்றரை மாசம் ஆவுது. இன்னைக்கு எங்கருந்துங்க வந்து கடிச்சிது?"

அவள் கண்டமங்கலத்துக்காரி. நிறையப் பேச மாட்டாள். பேசினால் பதில் சொல்ல முடியாது.

அவள் சொன்னதுதான் சரி என்று விழுப்புரத்தில் ஒரு குழந்தை டாக்டர் அம்மா பரிசோதனை செய்து உறுதிப்படுத்தினார். எனக்குப் புரிகிற மாதிரி விளக்கவும் செய்தார். "உடம்புக்குள்ள ஒரு வாட்ச்மேன் இருக்கார்னு வச்சிக்கோங்க. முட்டையைப் பார்த்துட்டு திருடன்னு நெனச்சி கூச்சல் போடறார். அந்தக் கூச்சல்தான் இந்த வீக்கம், தடிப்பு எல்லாம்."

"அந்த ஆளுக்கு எப்பங்க புத்தி வரும்?" என்று கேட்டேன்.

"நெறைய கொழந்தைங்களுக்கு வளர வளர சரியாப் போயிடும். ஸ்கூல் போற வயசுல பாதிப் பேருக்கு மேல முட்டை சாப்பிடறாங்க. சிலருக்குப் போறதில்ல. உங்க பொண்ணு எந்தப் பக்கம்னு இப்ப என்னால சொல்ல முடியாது. நீங்களா வீட்டுல குடுத்துப் பார்க்காதீங்க. நான் சொல்றப்ப, இங்க வச்சிப் பார்க்கலாம்."

பிறகு நான் என்ன தொழில் செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். என் சட்டையை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். கரப்பான் உள்ள தோலில் முட்டைத் துளி படுவதுகூட அந்த வாட்ச்மேனைத் தப்பாகக் கிளப்பிவிட்டிருக்கலாம் என்றும், ஆனால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். என் மனைவி காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. அன்று முதல் எனக்கு வீட்டுக்குள் நேராக நுழைகிற உரிமை பறிபோனது. கேட்டுக்கு உள்ளே ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு சோப்பு, ஒரு மாற்று லுங்கி. தெருவே பார்க்க மூன்று வருடம் வாசலில் குளித்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம், "இன்னா மொதலாளி, தீட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

என்னை விடுங்கள், நான் கிண்டலோடு தப்பித்தேன். என் மனைவிதான் மாட்டிக்கொண்டாள். மருந்தும் ஊசியும் டாக்டர் எழுதிய சீட்டும் வைத்த ஒரு பை அவள் தோளைவிட்டு இறங்கியதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, யார் எதை நீட்டினாலும் கையைத் தட்டிவிடுவாள். கொழுப்பு பிடித்தவள் என்று என் சொந்தத்தில் பெயர் வாங்கினாள். பகலானாலும் ராத்திரியானாலும் பிள்ளை நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் படுப்பாள், பிள்ளை இருமினால் இவள் எழுந்து உட்கார்ந்திருப்பாள். பேக்கரிக்காரன் மகள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட முடியாது. இரண்டாவது பிறந்தநாளில் கேப்பைக் களியைக் கிண்ணத்தில் போட்டுக் கவிழ்த்து, அதன் தலையில் மெழுகுவர்த்தியைக் குத்தினோம். மகள் ஊதி அணைத்துவிட்டு, கருவாட்டுக் குழம்பு தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

மூன்றரை வயதில் மறுபடி பரிசோதனை செய்தார்கள். டாக்டர் அம்மா முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். அந்த வாட்ச்மேன் போடுகிற கூச்சலின் அளவு குறைந்திருக்கிறதாம். அரை மணி நேரம் சூட்டில் வெந்த முட்டை கொஞ்சம் சாதுவாகிவிடுமாம். அதனால் பல பிள்ளைகள் முதலில் கேக்கைத் தாங்கிக்கொள்வார்கள், அப்புறம் அவித்த முட்டை, அதற்கும் அப்புறம்தான் அரைவேக்காடு எல்லாம். "அடுத்த வாரம் கேக் செஞ்சி எடுத்துட்டு வாங்க. இங்கயே கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லி, எவ்வளவு மாவுக்கு எத்தனை முட்டை என்று சீட்டும் எழுதினார்.

"மேடம், எனக்கே கேக் செய்யச் சீட்டா?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே.

என் கேக் மாஸ்டர் பிரம்மதேசத்துக்காரர். என்னைவிட வயதில் பெரியவர், கடை திறந்த நாளிலிருந்து என்னோடு இருப்பவர். என் மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். சோதனைக்கு முதல் நாள் அவரிடம் சீட்டைக் கொடுத்து, "பாப்பா சாப்பிடப் போறா. ரெண்டு முட்டை, கரெக்டாப் போடு" என்றேன். மறுநாள் காலையில் டப்பாவில் கேக் தயாராக இருந்தது. "போட்டாச்சா?" என்றேன். "போட்டாச்சு மொதலாளி" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் மகளை உட்கார வைத்தார்கள். தடிப்பு வந்தால் மறைத்துவிடும் என்று ஒரு வாரமாக அரிப்பு மருந்தை நிறுத்தியிருந்தோம். முதலில் பட்டாணி அளவு. கால் மணி நேரம் பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் பெரிசாக. பிறகு இன்னும் பெரிசாக. மகளுக்கு ஒரே குஷி, "அப்பா கடை கேக்கு" என்று நர்சுக்கெல்லாம் ஊட்டப் போனாள். மனைவி ஒரு நிமிடம்கூடக் கண்ணை எடுக்காமல் அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுத் துண்டும் உள்ளே போய், இரண்டு மணி நேரம் ஆகியும் ஒரு சின்னத் தடிப்புகூட வரவில்லை. டாக்டர் அம்மா, "பாஸ்" என்றார். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், என் கேக்கின் தரத்தை நினைத்தும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இனி வீட்டிலேயே இதே அளவு முட்டை போட்டுச் செய்து தினமும் ஒரு துண்டு கொடுக்கச் சொன்னார்கள்.

மத்தியானம் அவர்களை வீட்டில் விட்டுவிட்டு, ஜாங்கிரி வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். எல்லோருக்கும் முன்னால் மாஸ்டர் வாயில் ஒன்றைத் திணித்து, "நம்ம பாப்பா முட்டை சாப்பிட்டுட்டா" என்றேன்.

மாஸ்டர் ஜாங்கிரியை மென்றுகொண்டே, "எந்த முட்டை?" என்றார்.

"உன் கேக்குல போட்ட முட்டைதான்யா."

"அதுல எங்க மொதலாளி முட்டை? நான் போடலயே."

அவர் பாட்டுக்கு நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். "பாப்பா சாப்புடப் போவுதுன்னு தெரிஞ்சிக்கினு நான் எப்பிடி முட்டைய ஒடைப்பேன்? வருசக்கணக்கா வாசல்ல குளிச்சிக்கினு கெடக்கறீங்க. திடீர்னு வந்து ரெண்டு முட்டை போடுன்றீங்க. ஏதோ கொழப்பத்துல சொல்றாருன்னு வுட்டுட்டேன். நம்ம ஏனத்துல எங்கனா முட்டை ஒட்டிக்கினு இருக்கும்னு புதுசா ஒரு ஏனம் கழுவி, அதுலதான் கலக்கனேன். பாப்பாக்கு ஒண்ணும் ஆவலல்ல?"

"போட்டாச்சான்னு கேட்டேனே, போட்டாச்சுன்னு சொன்னியே."

"போட்டேன்னு சொல்லிட்டுப் போடாம வுடறது நம்ம கடைக்குப் புதுசா மொதலாளி?"

அவரை அடிக்கலாமா, காலில் விழலாமா என்று தெரியவில்லை. அதற்கு நேரமும் இல்லை. மனைவி இன்றைக்கே குக்கரில் கேக் செய்யப்போவதாகச் சொல்லியிருந்தாள். அவள் முட்டை போடுகிறேன் என்று சொன்னால் போடுகிற ஜாதி. போன் அடித்தேன். போன் மகள் கையில் இருந்திருக்கிறது, கார்ட்டூன் நடுவில் வந்த என்னை அவள் நான்கு தடவை கட் செய்தாள். பைக்கை எடுத்துக்கொண்டு மேம்பாலத்து நெரிசலில் புகுந்து போனேன். ஹாரன்கூட அடிக்கத் தோன்றவில்லை. வாசலில் குளிக்காமல் மாவுச் சட்டையோடு உள்ளே ஓடினேன்.

கேக் தட்டில் இருந்தது. மனைவி ஒரு துண்டைக் கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். மகள் வாயைத் திறந்துகொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"குடுக்காத" என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. நடந்ததைச் சொன்னேன். ஏனம் கழுவியது வரை சொன்னேன். கேக்கைத் தட்டோடு எடுத்து, எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நான் காலைல அங்க அழுதனே, அது எதுக்குங்க?"

"மைதாவுக்கு" என்று வாயில் வந்துவிட்டது. எனக்கு வாய் எப்போதும் இப்படித்தான், ஆபத்து நேரத்தில் காலை வாரிவிடும்.

அவள் சிரிக்கவில்லை. "ஏங்க, முட்டை விஷயத்துல நீங்க இதுவரைக்கும் யாருகிட்டயாவது நெசம் சொல்லி இருக்கீங்களா?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

மறுநாள் டாக்டர் அம்மாவிடம் என்னையே சொல்ல வைத்தாள். அவர் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "உங்க கடைக்கு இதே மாதிரி ஒரு அம்மா வந்து, முட்டை இருக்கான்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றார்.

நெற்றியைப் பார்ப்பேன் என்று எப்படிச் சொல்வது? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எத்தனை பேர். பத்தியம் என்று நினைத்தேன், வெள்ளிக்கிழமை என்று நினைத்தேன், புரட்டாசி என்று நினைத்தேன். அவர்களில் ஒருத்தி தோளில் மருந்துப் பை இருந்ததா என்று நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வெட்கத்தில் தலை நிமிர முடியவில்லை. அந்த வாரமே கடையில் இரண்டு தட்டு வைத்தேன், கலக்குகிற ஏனத்தையும் தனித்தனியாகப் பிரித்தேன். யார் கேட்டாலும் உள்ளதைச் சொன்னேன். முதல் மாதம் பாதிப் பேர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

இரண்டாவது சோதனைக்குக் கேக் செய்ய மனைவியே பேக்கரி உள்ளே வந்தாள். முட்டையை மாஸ்டரிடம் காட்டி, உடைத்து, காலி ஓடுகளையும் காட்டினாள். மாஸ்டர் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடுப்பிலிருந்து தட்டு வெளியே வரும்வரை அவள் அந்த அனலைவிட்டு நகரவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது துண்டு போனதும் மகளின் புறங்கையில் ஒரு தடிப்பு எழும்பியது. மனைவி ஊசியை எடுக்கப் போய்விட்டாள். டாக்டர் அம்மா குனிந்து பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கொசு" என்றார். கட்டிலுக்கு அடியில் இன்னும் நான்கு இருந்தன. இந்த முறை பூச்சியை நான் அடிக்கவில்லை, டாக்டர் அம்மாவே அடித்தார். மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. அது உண்மையான பாஸ்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் மெதுவாகப் போனது. தினமும் ஒரு துண்டு கேக். சில மாதம் கழித்து டாக்டர் சொல்படி முட்டை கலந்த தோசை, அதில் ஒரு நாள் வாயைச் சுற்றிச் சிவந்துவிட, மறுபடி கேக்குக்கே இறங்கி, மூன்று மாதம் பொறுத்துத் திரும்ப ஏறினோம். அந்தச் சிவப்பைப் பார்த்த அன்று மனைவி என்னிடம், "இவ சரியாவாத அந்த இன்னொரு பக்கம்தானோ?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்பு என்றால் சட்டென்று சொல்லியிருப்பேன்.

ஐந்தரை வயதில் கடைசிச் சோதனை. அவித்த முட்டை, முழுசாக ஒன்று. மகள் மோந்து பார்த்துவிட்டு, "இதுக்காப்பா இத்தனை பேஜாரு?" என்றாள். மிளகுத்தூள் கேட்டாள். கொடுத்தோம். வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை என் வாயில் தள்ளப் பார்த்தாள். டாக்டர் அம்மா என்னை முறைத்தார், நான் வாயை மூடிக்கொண்டேன். எல்லாம் உள்ளே போயிற்று. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கன்னம் கன்னமாகவே இருந்தது, மூச்சு மூச்சாகவே இருந்தது. டாக்டர் அம்மா மகளின் தலையில் கை வைத்து, "வாரத்துல ரெண்டு மூணு நாள் முட்டை குடுத்துக்கிட்டே இருங்க, விட்டுடாதீங்க. இனிமே பயப்பட வேணாம்" என்றார். மனைவி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

விழுப்புரத்தில் சென்னை பஸ் ஏறினோம். மகள் ஜன்னல் ஓரம், மனைவி நடுவில், நான் இந்தப் பக்கம். விக்கிரவாண்டி வருவதற்குள் மனைவியின் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டைகூட வந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார், நான் அவரை முறைத்தேன்.

கண்டக்டர், "திண்டிவனம் எறங்கறவங்கல்லாம் வாங்க" என்று குரல் கொடுத்தார். மகள் எழுந்து நின்றாள். "அம்மாவ எழுப்பட்டாப்பா?"

"வேணாம். உக்காரு."

கண்டக்டர் பக்கத்தில் வந்துவிட்டார். "நீங்க திண்டிவனம்தானே? எறங்குங்க, ஜல்தி."

"இல்லைங்க. மேல்மருவத்தூருக்கு டிக்கெட் குடுங்க" என்றேன்.

"அங்க இன்னா வேலை?"

"ஒரு வேலையும் இல்லைங்க. என் வீட்டுக்காரி அஞ்சு வருசமா தூங்கல."

அவர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். டிக்கெட்டைக் கொடுத்தார். பிறகு வாயருகே கொண்டுபோன விசிலை இறக்கிவிட்டு, பஸ்ஸின் தகரத்தில் கையால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் கிளம்பியது.